தொட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தகடு

மயூர் விஹார்,
தில்லி.
20.9.2007

அன்பு மகன் பெலிக்ஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் வெயில் கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

"புதன்கிழமைகளில் துவாரகா வீட்டுக்கு வருகிற ஆள் யார் அப்பா?" என்று போன மாதம் எழுதிக் கேட்டிருந்தாய். உன் மனைவி ஜெனியிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கச் சொன்னாய். என் பதில் வரும்வரை அவளுடைய விசா பேப்பரை நகர்த்தப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எல்லாம் இதில் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் தபால். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. கணக்குப் புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்துவிட்டு வழியை இட்டுக்கட்டி எழுதின பிள்ளை நீ, எனக்குத் தெரியும்.

முதலில் உன் சந்தேகங்கள். புதன்கிழமை ஜெனிக்கு ஆஸ்பத்திரியில் விடுமுறை. அன்று ஓர் ஆள் நியூஸ்பேப்பர் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான், உடனே கதவு சாத்தப்படுகிறது, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று கீழ் வீட்டுச் சந்திரசேகர் உனக்கு ஃபோனில் சொன்னார். அந்த நேரத்தில் நீ கூப்பிட்டால் ஜெனி எடுப்பதில்லை. அவள் ஈமெயிலில் அனுப்பிய மஞ்சள் மீன் படத்தில், தொட்டிக் கண்ணாடியில் ஓர் ஆணின் கை தெரிகிறது. அந்தக் கையில் மாட்டியிருப்பது உன் நீலக் கட்டம் போட்ட சட்டை. போதாததற்கு, இடப்பக்கம் இருந்த பாறை வலப்பக்கம் வந்திருக்கிறது. அதை ஜெனியால் ஒற்றையாக நகர்த்த முடியாது.

இவ்வளவும் உண்மைதான். ஒன்றையும் நான் மறுக்கப்போவதில்லை.

இனி அந்தத் தொட்டிக்கு வருகிறேன். பவளம் வளர்க்கிற கடல் தண்ணீர்த் தொட்டிக்கு மணல் வேண்டாம், வெறும் கண்ணாடி போதும், அழுக்கு தங்காமல் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று நீ முடிவு செய்தது நல்ல முடிவு. ஆனால் வெறும் கண்ணாடியின் மேல் அத்தனை பாறை. ஒன்று சரிந்து கண்ணாடி விரிசல் விட்டுப்போனால் தண்ணீர் முழுவதும் சந்திரசேகர் வீட்டுக் கூரையில் இறங்கும். "அடியில மலிவா எதையாச்சும் போடணும்" என்று விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது ஜெனியிடம் சொன்னாயாம். நீ மறந்திருப்பாய். அவள் மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்து குனிந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

முதலில் அவளே செய்து பார்த்தாள். சமையலறையில் காய் நறுக்குகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகை வாங்கி, பாறைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து அடியில் நுழைத்துவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக்கில் விஷம் கிடையாது. ஆனால் அது தண்ணீரைவிட லேசானது. குளிக்கிற வாளியில் பிளாஸ்டிக் மக்கைப் போட்டால் மிதக்கிறது அல்லவா, அதே ஜாதி. உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக எழும்பும். மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பாறைகள் சரிந்து கிடக்கின்றன, காளான் மாதிரி விரியுமே உன் பவளம், அது நடுவில் கிழிந்துபோயிருக்கிறது. தரையில் உட்கார்ந்து அழுதாளாம். அழுது முடித்துத்தான் அந்த ஆளுக்கு ஃபோன் செய்தாள்.

அந்த ஆளும் உன்னைப் போல் எதையும் லேசில் நம்பாதவன். கட்டட வேலைக்கு விற்கிற பதர்பூர் மணல் மலிவு என்று ஜெனி சொன்னதற்கு, அதன் சிவப்பைப் பார்த்ததுமே வேண்டாம் என்றான், இரும்பாக இருக்கலாம். டைல்ஸ் போட்டால் அதன் முதுகிலுள்ள பள்ளங்களில் அழுக்கு போய் உட்காரும் என்றான். மார்பிள் கடைக்காரர் பளபளவென்று ஒரு துண்டைக் காட்டினார். பளபளப்புக்கு எதைத் தேய்த்தாய் என்று கேட்டால் "அங்கிரேஜி பாலிஷ்", அதாவது இங்கிலீஷ் பாலிஷ், என்றாராம். அதோடு அந்தக் கடையை விட்டு இறங்கிவிட்டான்.

பிறகு லக்ஷ்மி நகரில் அதிகாரிகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற கடைக்குப் போனான். அங்கே வெட்டி மிஞ்சின அக்ரிலிக் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும், சொற்ப விலைக்குத் தருவார்கள். முதல் தடவை கடைக்காரர் தலையில் கட்டினது வேறு ஏதோ பஞ்சு மாதிரியான பலகை. வாளியில் போட்டதும் மிதந்தது. திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டான். இரண்டாம் தடவை நல்ல கனமான வெள்ளைத் தகடு கிடைத்தது. கல் மாதிரி மூழ்கியது. அதையும் நம்பாமல் உப்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து, எண்ணெய் படர்கிறதா, வாடை வருகிறதா என்று மோந்து பார்த்து, அதே வாளியில் ஒரு நத்தையை விட்டு, அது சுவரில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் சரி என்றான். ஓரத்தில் ஒட்டுவதற்குப் பூஞ்சை பிடிக்காத பசை என்று டப்பாவில் போட்டிருந்ததை ஒதுக்கிவிட்டு, மீன் தொட்டிக்கென்றே விற்கும் பசையை வாங்கினான். பூஞ்சையைக் கொல்கிற மருந்து பவளத்தை விட்டுவைக்குமா?

அந்தச் சிரிப்பையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் எழுத்து வெட்டி முடித்த ஒரு பெயர்ப்பலகையையும் நீட்டினாராம். "சாப் கா ட்ரான்ஸ்ஃபர் ஹோ கயா. உல்டா கர்கே லகா தோ, ஜி." மாற்றலாகிப்போன ஏதோ அண்டர் செக்ரட்டரியின் பலகை, குப்புறத் திருப்பி ஒட்டிக்கொள்ளச் சொன்னார். எழுத்தில் நிரப்பின பெயின்ட் கரையும் என்பதால் வாங்கவில்லை. ஜெனியிடம் இதைச் சொன்னதும், "ஐயோ, வாங்கியிருக்கலாமே! மீனெல்லாம் தினமும் அண்டர் செக்ரட்டரி தலையில கக்கா போயிருக்கும்!" என்று சொல்லி, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்திரசேகர் காதில் விழுந்தது அதுதான். கதவைச் சாத்தினது ஏசிக்காக. தில்லி வெயிலில் தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று ஏசியைப் போட்டுவைக்கச் சொன்னதே நீதானே. ஃபோன் எடுக்காத நேரத்தில் அவள் இரண்டு கையும் முழங்கைவரை உப்புத் தண்ணீருக்குள் இருந்தன.

சரிந்த பெரிய பாறையை அவளும் அந்த ஆளுமாகச் சேர்ந்து தூக்கி வலப்பக்கம் வைத்தார்கள். மிச்சம் இருப்பது சட்டை. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல துணி வீணாகும் என்று ஜெனி பீரோவிலிருந்து உன் பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அது தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

ஆமாம், எனக்குத்தான். அந்த ஆள் நான், பெலிக்ஸ்.

சந்திரசேகருக்கு என் முகம் தெரியாது. நான் ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். அவள் முதல் நாளே கேட்டுக்கொண்டாள்: "மாமா, அவங்ககிட்ட சொல்லிராதீங்க. பவளம் கிழிஞ்சது தெரிஞ்சா மனசு விட்டுப்போவும். இப்பவே ஃபோன் எடுத்தா முதல்ல மீனுக்கு என்னாச்சுன்னுதான் கேக்காங்க." அவள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போடப் போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் நான் மீறுகிறேன். வேறு வழி நீ வைக்கவில்லை.

உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே உனக்கு ஃபோன் போட்டிருப்பாள். அதன் பலனையும் கேள். பஸ்ஸில் இந்திரப்பிரஸ்தா, அங்கிருந்து மெட்ரோவில் துவாரகா என்று போய்த் திரும்பினால், உன் அம்மா இன்பராணி வாசலில் நின்று என்னை மோந்து பார்க்கிறாள். "லைப்ரரிக்குப் போறேன்னுட்டுப் போறீய, உப்பு நாத்தத்தோட வாரீய. டெல்லியில கடல் எங்க இருக்கு? எனக்கும் காட்டுங்களேன்." இந்த வயதில் என்னையும் ஓர் ஆண்பிள்ளை என்று நினைத்துச் சந்தேகப்படுகிறாளே என்று முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் அவள் சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்காராமல் அடுக்களைக்குள் போனாள். அப்போது பெருமை போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்தபோதும் முதலில் சிரிப்புதான் வந்தது. நம் சட்டைக்கு இவ்வளவு சக்தியா என்று. விசா என்கிற இடத்தைத் திரும்பப் படித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. பலகையைச் சந்தேகப்பட்டேன், வாளியில் போட்டேன், மிதந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். பலகைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ ஒரு மனுஷியை, அவளுக்கே தெரியாமல், வாளியில் போட்டு வைத்திருக்கிறாய்.

நேற்று தகட்டை ஒட்டி முடித்தோம். இன்னும் சில நாளில் பசை காய்ந்ததும் பாறைகளை அடுக்கித் தண்ணீர் விடவேண்டும்; அதுவரை மீன்களும் பவளமும் பெரிய டப்பாவில் இருக்கின்றன. கிழிந்த பவளம் தழும்போடு மூடிக்கொண்டுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே ஜெனி கேட்டாள்: "மாமா, விசா ஏன் இப்படி இழுக்குது? அங்க ரொம்பக் கூட்டமோ?" ஆமாம்மா, அரபு நாட்டு ஆபீஸ் அப்படித்தான், ரொம்பக் கூட்டம் என்றேன். அவள் நம்பிவிட்டாள். உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். மெட்ரோவில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் அவள் நம்பின விதம்தான் மனதில் நின்றது.

உன் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். நீ இப்படி நினைத்தாய் என்பது என்னோடு போகட்டும். ஆனால் அந்தப் பொய்யை இன்னொரு புதன்கிழமை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, மகனே. பேப்பரைக் கொடுத்துவிடு.

தனியாக இருக்கிறாய். வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அங்கே யோசனை எங்கெல்லாம் ஓடும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கர்த்தர் உன் நினைவுகளையும் உன் குடும்பத்தையும் காத்துக்கொள்வாராக.

வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. ஜெனியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு டியூட்டி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேள், பிறகு அவளாக நிறுத்தும்வரை நீ வாயைத் திறக்காதே.

உன் அப்பா,
தானியேல்