சம்பந்தி விற்ற லேத்

மதிப்பிற்குரிய சம்பந்தி அண்ணாவுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் இரண்டு இடங்களில் தாள் கிழிந்திருக்கிறது. உடம்பில் தெம்பில்லாதவர் அப்படி எழுத முடியாது.

என்னைத் திருடி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனைத் தூண்டிவிட்டு, உங்கள் வீட்டுப் பரணில் இருந்த பல்சக்கரப் பெட்டியை எடுத்துவரச் செய்தேன் என்றும், ஒரு வாரத்துக்குள் பெட்டியும் வர வேண்டும், பையனும் வர வேண்டும் என்றும் கெடு வைத்திருக்கிறீர்கள். பெட்டியை முதலில் எழுதி, பெற்ற பிள்ளையை இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மட்டும் கவனிக்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்த உங்கள் மகனும் அந்த வரியில்தான் கொஞ்ச நேரம் நின்றார்.

பதில் எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "பொண்ணக் குடுத்த எடம், கொஞ்சம் தணிஞ்சு போ" என்றார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து தணிந்து தணிந்து என் முதுகே வளைந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பாதி உங்களுக்கே தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் கல்யாணம் முடிந்த கையோடு தனி வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனீர்கள். ஐந்தாவது மாடியில் உங்கள் லேத்தை, அந்தக் கடைசல் இயந்திரத்தை, வைக்க இடமில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சபையில் எல்லோரும் பார்க்கச் சிரித்தீர்கள். "மிக்சின்னு நெனச்சீங்களாம்மா, வெரல் போயிரும்" என்றீர்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த காலம் முழுக்க, மாணவர்கள் உடைத்த கருவிகளுக்கெல்லாம் திருகாணி கடைந்து போட்டவள் நான். விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. அதை அங்கே சொல்லவில்லை. "ஒரு கொறையும் கெடையாது, கொழந்த மாதிரி வச்சிருந்தேன்" என்று நீங்கள் சொன்னதை நம்பி, கேட்ட விலையைக் கொடுத்தேன். மாற்றுப் பல்சக்கரப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது என்றீர்கள். அந்தச் சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டினால்தான் வேண்டிய அளவில் திருகு மரை வெட்ட முடியும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரி, தேடினால் எங்காவது கிடைக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

பொழுதுபோக்காகப் பித்தளையில் சின்னத் தண்ணீர்ப் பம்பு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு மரை வெட்ட, இயந்திரத்தோடு வந்த சக்கரங்களை வைத்தே முதல்முறை ஓட்டினேன். இடப்பக்க மூடிக்குள் கடக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் அடை அடையாகக் கிரீஸ். துணியால் துடைத்தேன். நடுச் சக்கரத்தில் ஒரு பல் இல்லை. அது இருந்த இடத்தில் பித்தளையை உருக்கி ஊற்றிப் பல் போலவே அராவி வைத்திருந்ததும், அது இப்போது பெயர்ந்துவிட்டதும் தெரிந்தது. கிரீஸ் எதற்கு அத்தனை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

உங்களுக்குப் போன் செய்தேன். "மெஷின்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் ஓட்றவங்க கையில இருக்கு" என்றீர்கள். போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "மரை வெட்டப் போகுதாம். தனக்கே மரை கழண்டது தெரியல" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னீர்கள். நீங்கள் வைக்கவில்லை அண்ணா. எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த ஒரு சக்கரத்துக்காக நான் அலைந்த அலைச்சல் நாய் படாத பாடு. இயந்திரத்தைச் செய்த கம்பெனியின் பழைய முகவரிக்குப் போனால் அங்கே குளியலறை ஓடு விற்கிறார்கள். கல்லாவில் இருந்த பெண் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்தக் குழாய்க்கும்மா?" என்று கேட்டாள். பழுது பார்க்கும் பட்டறைக்காரர், "இந்த மாடலெல்லாம் போய்ச் சேந்தாச்சு, எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். இணையத்தில் ஒருவர் தன்னிடம் இருப்பதாகப் படம் போட்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், "வீட்ல சார் இருந்தா குடுங்க" என்றார். கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அவரிடம், இது தையல் மெஷினுக்குத்தானே என்று கேட்டார். அத்தோடு அந்த வியாபாரம் முடிந்தது. தபாலில் வரவழைத்த இரண்டு சக்கரங்களில் ஒன்றுக்குப் பல் பொருந்தினால் நடுத்துளை பொருந்தவில்லை. மற்றதற்குத் துளை பொருந்தியது, பல் பொடிப்பொடியாக இருந்தது.

கடைசியில் பழைய இயந்திரச் சந்தைக்குப் போனேன். பின் வரிசையில் சக்கரம் மட்டுமே விற்கிற ஒருவர் இருக்கிறார். பல்லு என்றால்தான் அங்கே தெரியும். அவர் வாயில் முன்பல் இரண்டு இல்லை என்பது வேறு விஷயம். பொருந்தாத சக்கரம் நாலைந்தை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் அசையாததைக் கண்டு என் சக்கரத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம கை வேலம்மா" என்றார். நெட்டையாக, மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மகனோடு வந்து ஒட்டிக்கொண்டு போனாராம். "வித்து முடியற வரைக்கும் நின்னாப் போதும், வாங்கறது ஒரு பொம்பளதான்" என்றாராம். மகன் மட்டும், "அப்பா, அவங்க நம்ம அத்தை, சொல்லிடலாம்பா" என்றாராம். "பெரியவர் ஒரு பார்வை பாத்தாரு. பையன் வாய்க்குப் பூட்டு" என்று பல்லு சிரித்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எனக்கும் அதேபோல ஒட்டித் தரட்டுமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். என் மகள் உள்ளே இருந்தாளே. விழுங்கிக்கொண்டேன்.

நான் விழுங்கியதற்கு நீங்கள் கொடுத்த பரிசு பிறகு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. படித்து வாங்கிய வேலை. அவளைக் கேட்காமல், அவளுக்குச் சொல்லாமல், கடை முதலாளிக்கு நீங்களே போன் செய்து, "எங்க வீட்டுப் பொண்ணு இனிமே வராது, வேற ஆள் பாத்துக்குங்க" என்று சொன்னீர்கள். மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறாள். வழியனுப்பப் பூங்கொத்து வாங்கி வைத்திருந்தார்களாம். அன்று சாப்பாட்டு மேசையில் ஏன் என்று உங்களைக் கேட்டாள். "நம்ம வீட்டுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். ஒரு பையோடும் வாடிப்போன அந்தப் பூங்கொத்தோடும் இங்கே வந்து நின்றாள். அக்கம்பக்கத்தில், ஓய்வுக்கு வந்திருப்பதாகச் சொல்லி வைத்தோம். யாரும் நம்பவில்லை.

இனி உங்களுக்குத் தெரியாத பாதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் மகன் வந்தார். இரும்புப் பாரம் சுமந்து தோளில் கயிறு பதிந்திருந்தது. என் மகள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "வாங்க மாப்ள" என்று எழுந்தார். நான் வாருங்கள் என்று சொல்லவில்லை. பெட்டியை என் காலடியில் வைத்து, "இது உங்களுது அத்தை. தொலையல. பரண்லதான் இருந்துச்சு" என்றார். அந்தப் பெட்டி உயிரோடு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு தூண்டிவிடுவது எங்கே? அப்பா வேறு யாருக்காவது விற்க வைத்திருந்தாரா என்று கேட்டேன். "விக்கறதுக்கு இல்ல அத்தை. உங்களுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அவர் மேலும் கோபம்தான். பல்லுவின் கடையிலும் வாயை மூடிக்கொண்டவர், சாப்பாட்டு மேசையிலும் மூடிக்கொண்டவர். தண்ணீர் கொடுத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குப் போனேன். கூப்பிடாமலே பின்னால் வந்தார். உங்கள் வீட்டில் இருந்தவரை அந்த லேத்தைத் துடைக்க மட்டும்தான் விடுவீர்களாம், சுவிட்சைத் தொட விட்டதில்லையாம். துடைத்துத் துடைத்தே அதன் எலும்பெல்லாம் மனப்பாடமாகியிருந்தது அவருக்கு. ஒட்டுப்போட்ட சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியிலிருந்து சரியானதை எடுத்து இரண்டு பேருமாகப் பூட்டினோம். பித்தளைத் துண்டை லேத்தின் பிடியான சக்கில் கவ்வவைத்து ஓட்டினேன். சுருள் சுருளாகத் துருவல் வந்தது. மரை விழுந்தது. வாங்கியதிலிருந்து அன்றுதான் அந்த இயந்திரம் முழுசாக ஓடியது.

சத்தம் கேட்டோ என்னவோ, என் மகள் ஷெட் வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "அன்னிக்கி ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டாள். அவர் கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கையில் ஒட்டிய கிரீஸை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், அண்ணா. அப்படியே எழுதுகிறேன். "நான் எதிர்த்துப் பேசினா அப்பா என்னை ஒண்ணும் சொல்ல மாட்டார். எழுந்து உள்ள போயிருவார். கதவு சாத்தும். அம்மாகிட்டதான் எல்லாம் நடக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் அடி அம்மாவுக்கு விழும்."

என் மகள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கிற பாத்திரச் சத்தம் கேட்டது.

சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அன்றிலிருந்து அவர் இங்கேதான் இருக்கிறார், கூடத்தில் படுக்கிறார். ஆனால் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அவள் கண்ணாடிக் கடைக்கு நேரில் போய், தான் வேலையை விடவே இல்லை என்று சொல்லி, திரும்பச் சேர்ந்துவிட்டாள். அவர் இங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய்வருகிறார். பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன வாரம் மட்டும், சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆக, உங்கள் கெடுவுக்குப் பதில். பெட்டி வராது. நான் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் உறுப்பு அது. போலீசுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பல்லுவை நான் சாட்சிக்குக் கூட்டிவருகிறேன். தன் கை வேலையைப் பற்றிப் பேச அவருக்கு ஆசை அதிகம். பையன் விஷயம் பையனின் விருப்பம். அவர் எனக்கு மாப்பிள்ளை. நான் கட்டிவைக்கவும் இல்லை, விரட்டப்போவதும் இல்லை. வேலைக்குப் போகிற மருமகளால் உங்கள் மானம் போகிறது என்றால், அது அவ்வளவு லேசான மானம் என்று வெளியில் சொல்லாதீர்கள்.

இதுவரை எழுதியதற்கு நீங்கள் என்ன பதில் எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. இனி எழுதுவதை மட்டும் உட்கார்ந்து படியுங்கள்.

வந்த நாளிலிருந்து உங்கள் மகன் தன் அம்மாவிடம், அண்ணியிடம், பேச முயல்கிறார். அந்த வீட்டில் ஒரே போன், அது உங்கள் சட்டைப்பையில். எடுக்கிறவர் நீங்கள். "தூங்கறா" என்கிறீர்கள். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், பட்டப்பகலில் கூப்பிட்டாலும் தூக்கம். உங்கள் மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார். என் மகள் போய்ப் பக்கத்தில் உட்காருகிறாள்.

மகன் இங்கே இருக்கிறார். மருமகளும் இங்கே இருக்கிறாள். உங்கள் வீட்டில் கதவு சாத்தினால் உள்ளே மிஞ்சியிருப்பது ஒருவர்தான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் தலைக்கேறும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கோபத்தை என் மேல் கொட்டுங்கள். என் விலாசம் உங்களிடம் இருக்கிறது. நேரில் வந்து வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறைக்குள் அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

போனை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தெருவைப் பாருங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது இருப்போம், முதல் மணியிலேயே எடுப்போம். அண்ணி இங்கே வந்து நாலு நாள் இருக்க ஆசைப்பட்டால், நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மேலே ஏறி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். கீழே நிற்கிறேன். அண்ணி மெதுவாக இறங்கி வரட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அண்ணியும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதிலை அண்ணியின் குரலில் எதிர்பார்க்கும்
உங்கள் சம்பந்தி