ஆள் ஏறின உயரம்

தூங்குமூஞ்சிக்கு,

எழுப்ப மனசு வரலை. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வர்றப்போ வேகத்தடையில காரோட அடிப்பக்கம் உரசினதும் நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டே. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "ஆள் ஏறினா கார் இறங்கத்தான் செய்யும்"னேன். "அப்போ யாரும் ஏறாத காராவே வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டே.

நீ சொன்னது சரி. ஸ்டைலா இருக்கும்னு ஆசைப்பட்டு ஸ்பிரிங்கை இறக்கி காரைத் தாழ்த்தினப்போ, காலி காரிலதான் உயரம் அளந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

விடியக்காலையில நாலு ஸ்பிரிங்கையும் ஏத்திட்டேன். நம்ம ரெண்டு பேர் எடைக்கும் சீட்டுல மணல் மூட்டை வெச்சு மறுபடி அளந்தேன். இப்போ டயருக்கு மேல மூணு விரல் தாராளமாப் போகுது. உன் மூட்டை எத்தனை கிலோன்னு மட்டும் கேட்காதே.

மூணு மணிக்கு அலைன்மென்ட் கடை அண்ணன் வருவார். சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. அதுவரைக்கும் காரை எடுக்காதே, நானே பஸ்லதான் போறேன். மூட்டையை இறக்க விடாதே. அந்தப் பாரத்தோடதான் சக்கரத்தைச் சரி பார்க்கணும்.

மறந்துட்டேன்: டீக்குச் சர்க்கரை தேடி டப்பாவை உருட்டாதே. மூணு கிலோவும் கார்ல, குழந்தைக்கு வாங்கின சீட்டுல, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கு.