சூட்டுக்கும் ஓடாத சென்ட்

மார்ச் 3, செவ்வாய்

தம்பி ஆறு மாதமாய் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கலக்கிக் கலக்கிச் செய்த சென்டை இன்று என் கையில் அடித்தான். மோந்தேன். ஒரே ஸ்பிரிட் நெடி.

"என்னடா, ஊசி போடப் போறியா?"

"மோந்தவுடனே சொல்லாதேக்கா. கையைத் தேய்க்காதே. அரை மணி கழிச்சுப் பாரு, சாயங்காலம் ஒருதரம் பாரு. கடைசிவரைக்கும் நிக்கிறதுதான் நல்ல சென்ட்."

இவ்வளவு சோதனை நான் கட்டிக்கொண்ட மனுஷனுக்கே வைக்கவில்லை.

லாண்டரியில் நாற்பது சட்டை இஸ்திரி போட்டு, வேர்த்து ஒழுகி வீட்டுக்கு வந்து தலை வாரக் கையைத் தூக்கினால் — அட! மழை விட்டதும் மரக்கடைப் பக்கம் நடந்த மாதிரி. அவனிடம் சொல்லவில்லை. தலை கால் புரியாது அவனுக்கு.

மார்ச் 4, புதன்

லாண்டரிக்கு அடுத்த கடையே சென்ட் கடைதான். தம்பி நீட்டிய புட்டியின் மூடியைக் கடைக்காரர் திறந்தார், மூக்கைச் சுளித்தார், மூடிவிட்டார். பொறுத்துப் பாருங்கள் என்று தம்பி கெஞ்சியதற்கு, "என் கடையில யாருப்பா அரை மணி நிக்கிறாங்க?" என்றாராம். வேறு இரண்டு கடைகளும் முன்பே கைவிரித்தாயிற்று. திங்கட்கிழமை முன்பு வேலை பார்த்த டயர் குடோனுக்கே திரும்பப் போகிறானாம். சாப்பாடு வேண்டாம் என்றான். அவனா!

மார்ச் 5, வியாழன்

கடைக்காரர் சட்டை இஸ்திரிக்கு வந்தது. தண்ணீர் தெளிக்கிற புட்டியில் தம்பியின் சென்டைக் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். தப்புதான். சிரிப்பு வந்தது, செய்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஐயோ. புட்டியைக் கழுவவே இல்லை. நேற்று தெருவில் பாதிப் பேர் சட்டைக்கு அதைத்தான் தெளித்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

காலையிலேயே லாண்டரி வாசலில் ஐந்து பெண்கள்.

"உண்மையைச் சொல்லுக்கா, எங்க வீட்டுக்காரர் சட்டையில எவ வாசனை?" என்று வாத்தியார் மனைவி சட்டையை நீட்டினாள். பஸ் டிரைவர் மனைவி அதை மோந்து, "அடியே, இது எம் புருஷன் சட்டையில அடிச்ச வாசனை!" என்றாள். அப்புறம் நடந்ததை எழுத என் படிப்பு பத்தாது.

சென்ட் கடைக்காரர் மனைவியும் வந்துவிட்டார். "நம்ம கடையில இல்லாத சென்ட் இவருக்கு எங்கேருந்து? நேத்துப் பூரா போட்டிருந்தார். ராத்திரி நானே அலசினேன். போக மாட்டேங்குதே!"

"நான்தாம்மா, எந்தம்பி சென்டைத் தண்ணியில கலந்து தெளிச்சுட்டேன்," என்றேன்.

எங்கள் முதலாளி கத்திய கத்தலில் கடைக்காரரே ஓடிவந்தார். மனைவி கையிலிருந்த சட்டையை வாங்கி, காலரை மோந்தார். மறுபடி மோந்தார். "அன்னைக்கு அடிச்ச நெடி எங்கேம்மா?"

"இஸ்திரிச் சூட்டுல ஓடிப்போச்சு சார். நிக்கிறதுதான் எந்தம்பி சரக்கு." கேலியாகத்தான் சொல்ல நினைத்தேன். கெஞ்சலாகத்தான் வந்தது.

மார்ச் 9, திங்கள்

தம்பி குடோனுக்குப் போகவில்லை. கடைக்காரர் பத்துப் புட்டி கேட்டிருக்கிறார்.

மதியம் அவரே ஏழு துணித்துண்டோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட். எது எதுவென்று சொல்லவில்லை. "இஸ்திரி போட்டுச் சொல்லுங்கம்மா." ஆறு ஓடிப்போயிற்று. ஏழாவது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அதையும் ஓடிப்போயிற்று என்று சொல்ல ஒரு நிமிஷம் நாக்கு துறுதுறுத்தது.

பாவம், பிழைத்துப் போகட்டும் என்று "நிக்குது" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம், சென்ட் கடையில், யாரோ என் தம்பி மாதிரியே விசில் அடித்தார்கள்.