அந்த இரண்டு அங்குலம்

அண்ணா,

இன்று காலை மேடவாக்கம் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. தூக்கிக் கட்டிய ஜீப். டயரே என் இடுப்பு உயரம் இருந்தது. வண்டியைத் தாங்கும் கமான் பட்டையைப் புதிதாக மாட்டியிருப்பார்கள் போல, கிரீஸ் வாடை குப்பென்று அடித்தது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. அந்த ஜீப்பின் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையிலிருந்து எவ்வளவு உயரம்? எந்தக் காலை முதலில் தூக்க வேண்டும்? பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர், "யக்கோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினார். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதேன். ஐம்பது வயதில், பட்டப்பகலில், பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. எப்போதும் அப்படித்தானே. ராணுவ ஏலத்தில் அந்தப் பழைய ஜீப்பை எடுத்து வந்து நீ வாசலில் நிறுத்திய அன்றே, "பேரீச்சம்பழக்காரன்கூட இதை எடுத்துக்க மாட்டான்டா" என்றாள் அம்மா. உனக்கு ஒரே சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிப் படுகை, கல்குவாரி என்று அதை எங்காவது கொண்டுபோய்ச் சேற்றில் புதைப்பாய். திங்கட்கிழமை டெலிபோன் ஆபீசுக்கு நான் கட்டிப் போகும் புடவையில் அந்தச் சேறு இருக்கும். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். கிளட்சை விட்டால் திட்டுவாய், விடாவிட்டாலும் திட்டுவாய்.

பிறகு முப்பத்தாறு வயதில் உன் கிட்னி இரண்டும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் தாம்பரத்தில் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க உனக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்தார். செம்பாக்கத்தில் நம் வீடு ஏரிக்குப் பின்புறப் பள்ளத்தில். அந்த வருடம் முதல் மழைக்கே தெருவில் முழங்கால் ஆழம். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, "ஊரெல்லாம் தண்ணி, எனக்கு மட்டும் அரை டம்ளராடி?" என்றாய். அப்போதும் நான் சிரித்தேன், பாவி.

அந்தச் செவ்வாய்க்கிழமை எந்த ஆட்டோவும் வரவில்லை. உன் ஜீப்பைக் கிளப்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. அன்றைய டயாலிசிஸ் தப்பிப்போனது. புதன்கிழமை உன்னால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே, "மூச்சு இழுக்க வரலடி" என்றாய். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் டிராக்டரில் உன்னை ஏற்றிக்கொண்டு போனோம். இன்னும் அரை நாள் ஆகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். மழைக்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, அண்ணா. இன்னும் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி என்று காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நீ சொல்லிவிட்டாய், "தண்ணி இன்ஜினுக்கு ஏறாம ஜீப்பைத் தூக்கிக் கட்டணும்." உன்னால் கட்டிலை விட்டு எழ முடியாது. தாம்பரத்தில் கமான் பட்டை வேலை பார்க்கும் பாயிடம் நான்தான் போனேன். பொம்பளை வந்து சஸ்பென்ஷன் கேட்கிறாளே என்று அவர் ஆச்சரியப்படவில்லை. உன் தங்கை என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இத்தப் பாருக்கா, ரெடிமேடு செட்டு ஒண்ணு வெளிநாட்லர்ந்து வருது. அந்தத் துட்டுக்கு இன்னொரு ஜீப்பே வாங்கிக்கலாம், அத வுடு. சல்லிசா மூணு வழி கீது. கமான் முனையில தொங்குற ஷாக்கிள நீட்டமா மாத்தலாம். ஆனா ஸ்டீரிங் அலையும். அச்சுக்கும் கமானுக்கும் நடுவுல இரும்புக் கட்டை வைக்கலாம். இல்லாங்காட்டி கமானத் திரும்ப வளைச்சு, ஒரு பட்டை சேத்துக் கட்டணும். வண்டி ஏறும், ஆனா ஆள உலுக்கி எடுத்துரும்."

வந்து உன்னிடம் ஒப்பித்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டாய். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. "முன்னாடி கட்டை வைக்கவே கூடாது. பிரேக் போடுறப்ப நழுவிச்சுன்னா அவ்ளோதான். முன்னாடி பட்டை சேக்கட்டும், பின்னாடி கட்டை. பிரேக் ஹோஸ் நீளமா மாத்தச் சொல்லு. கமானை அச்சோட பிடிக்கிற பழைய யு போல்ட்டையே திரும்ப மாட்டினார்னா அங்கயே உக்காந்து சண்டை போடு. அது உனக்கு நல்லா வரும்."

எவ்வளவு தூக்குவது என்பதில்தான் தகராறு. பாய் இரண்டு அங்குலம் போதும் என்றார். நீ நாலு அங்குலம் என்று பிடிவாதம் பிடித்தாய். என்னை டேப் எடுத்துக்கொண்டு வாசலுக்கு அனுப்பினாய். கேட்டில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோட்டை அளந்தேன். ஜீப்பின் பானெட்டைத் திறந்து, நனைந்தால் இன்ஜினே நின்றுவிடும் அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். பிரேக் ஹோசை அளந்தேன், டயரை அளந்தேன். ஒவ்வொன்றையும் உள்ளே வந்து உன்னிடம் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் அளந்தோம். உன் கால் எவ்வளவு உயரம் தூக்கும் என்று ஒருத்தருக்கும் அளக்கத் தோன்றவில்லை.

ஜீப் திரும்பி வந்தபோது யானை மாதிரி நின்றது. அம்மா டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். இன்ஜின் முனகக்கூட இல்லை. நீ ஜன்னலிலிருந்து விசில் அடித்தாய். அந்த மழைக்காலத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்று ஒரு வேளைதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாய். வீங்கிய கால், பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. மறுபடியும் தூக்கினாய். மூன்றாவது தடவை சறுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாய். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன், அது சேற்றில் சாய்ந்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து உன்னை மூட்டை மாதிரி தூக்கி உள்ளே வைத்தார்கள். யாருக்கும் முகம் கொடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குவாரிப் பாறையில் ஏற்றி இறக்கிய உன் வண்டி அது. வழி முழுக்கப் பட்டை உலுக்கிய உலுக்கில், ஊசி போடும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய்.

இப்படி ஐந்து தடவை போனோம். ஐந்து தடவையும் நாலு பேர் வந்து தூக்கினார்கள். ஆறாவது முறைக்கு முன் புதன்கிழமை மத்தியானம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாய். "ரெண்டு அங்குலம் இறக்கச் சொல்றியா? நானே ஏறணும்டி. ஒரு தடவையாவது." நீ என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, அண்ணா. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. தெரு காய்ந்திருந்தது. நான் எப்படி முடியாது என்பேன்?

வியாழக்கிழமை காலை ஜீப்பை பாயிடம் விட்டேன். அரை நாள் வேலை என்றார். கமான்களைக் கழற்றிக் கீழே போட்டு, வண்டியைக் கட்டை மேல் நிறுத்தியிருந்தார். பதினோரு மணிக்கு வானம் இருட்டியது. அதன் பிறகு பெய்தது மழையா? ஊற்றியது. ஒரு மணிக்கெல்லாம் ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி வழிகிறது என்று சொன்னார்கள். போட்டது போட்டபடி ஓடி வந்தேன். நம் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் இன்னும் ஏறவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். எதிரில் மணைப்பலகைகளை அடுக்கி வைத்திருந்தாய். "பதினாலு தடவை ஏறி எறங்கிட்டேன்டி. ரெண்டு அங்குலம் இறக்கின படி இதே உயரம்தான், அளந்துட்டேன்" என்றாய். முகமெல்லாம் சிரிப்பு. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை போன் செத்துவிட்டது. படகு வரும் என்றார்கள், வரவில்லை. மொட்டை மாடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டில் ஒருத்தருமில்லை, முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு மேல் உனக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலமாகிவிட்டது. இரண்டு இரண்டு வார்த்தையாகக் கேட்டாய், "வண்டி... வந்துச்சா?"

"தெருமுனைக்கு வந்துடுச்சு அண்ணா. பாய்தான் ஓட்டிட்டு வர்றார். இறக்கியாச்சு. நீயே ஏறிடலாம்."

தலையை ஆட்டினாய். திறந்து கிடந்த சட்டைக்கு மேலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டாய். நான் உதவிக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டாய். நாலாவது பட்டனோடு நின்றுவிட்டது.

உன் பத்தாம் நாள் காரியத்துக்கு பாய் வந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியை மாட்டி முடித்து அவரே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்னபடி இரண்டு அங்குலம் இறக்கித்தான் மாட்டியிருந்தார். நம் வீட்டுக்கு மூன்று தெரு முன்னால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போய் இன்ஜின் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளியிருக்கிறார். ஆள் கூப்பிட்டிருக்கிறார். யாருமே இல்லையாம்.

நான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பேன்? "நாலு அங்குலமாவே இருந்திருந்தா வந்திருக்குமா பாய்?"

"அந்தத் தண்ணிக்கு நாலும் பத்தாதுக்கா, ஆறும் பத்தாது" என்றார். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், மடித்துக் கட்டிய லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும், அண்ணா. தெருமுனைக்கு வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அதே குரல். நான் தலையை ஆட்டினேன். இன்னும் பாயைத் தாம்பரத்தில் பார்க்கிறேன், குழந்தைகளை விசாரிக்கிறேன், இதை மட்டும் கேட்பதில்லை. அவர் சொன்னதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று சொல். நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டேதான் அந்தப் பட்டனை எல்லாம் போட்டாயா?