அரிப்புக்கு எண்ணெய் கேட்டு வந்தவர்

என் ஆசைத் தம்பி, சொல்பேச்சு கேளாத மாடசாமிக்கு,

அங்கே போயாவது வேளைக்கு மாத்திரை போடுகிறாயா? உனக்கு அது எங்கே! இங்கே ஐந்தருவியில் சீசன் தொடங்கிவிட்டது. நம் எண்ணெய்க் கடையில் கூட்டம்.

உன் ரத்தப் புற்றுநோய்க்காக, என் உடம்பிலிருந்து ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல் எடுத்து உனக்கு ஏற்றியபோது என்ன பீற்றிக்கொண்டாய்! "எங்கக்கா ரத்தம்லா, இனிமே எனக்கும் வாய் நீளும்" என்று வார்டு முழுக்கச் சொன்னாய். அந்தச் செல்லுக்கு உன் உடம்பு அந்நியம், தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும், அதை அடக்கத்தான் மாத்திரை, தோலில் சிவப்பு கண்டால் அன்றைக்கே வா என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நாம் கேட்டோமா?

மூன்றாம் மாதம் உன் உள்ளங்கை சிவந்து அரித்தது. "எண்ணெய் தேச்சு அருவியில நின்னா சரியாப் போவும்" என்றாய். நானும் தேய்த்துவிட்டேன். பத்து நாள்! அதற்குள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் செய்யாத வைத்தியம் இல்லை. உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

போன வாரம் சிவகிரியிலிருந்து ஓர் அண்ணாச்சி மனைவியோடு வந்தார். முகத்தில் மாஸ்க். அவருக்கும் அவர் தம்பியின் செல்லை ஏற்றி நான்கு மாதமாம். கையை நீட்டினார். அதே சிவப்பு.

"ரெண்டு நாளா அரிக்கு. நல்ல எண்ணெயாத் தாம்மா."

"எண்ணெய் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடும்."

"அலமாரி நிறைய வச்சுக்கிட்டு இல்லைங்கியே? கூடப்பொறந்தவன் செல்லு என்னைய என்ன செய்யும்?"

"என் தம்பிக்குக் கூடப்பொறந்தவ செல்லுதான் அண்ணாச்சி. அவன் போயிட்டான். கொடுத்தவ நாந்தான்."

மனுஷன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அந்த அம்மா அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

நேற்று அவள் போனில் பேசினாள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்களாம். ஸ்டீராய்டு கொடுத்ததில் சிவப்பு குறைகிறதாம். இன்னும் பல மாதம் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டுமாம். பின்னாலிருந்து அண்ணாச்சி கத்துகிறார்: "ஏட்டி, ஆஸ்பத்திரியில உப்பில்லாச் சோறு போடுதாங்கன்னு அவகிட்டச் சொல்லு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உன்மேல் பொல்லாத எரிச்சல் வந்தது. இப்படிக் கத்திக்கொண்டு நீ இருந்திருக்கக் கூடாதா?

இனி அரிக்கிறது என்று எவர் வந்தாலும், என்ன வைத்தியம் நடக்கிறது என்று கேட்காமல் என் கை பாட்டிலைத் தொடாது. இது சத்தியம்.

உன்னைத் திட்டித் தீராத,
உன் கூடப்பிறந்த அக்கா