வரிசைக் கடைசியில் ஒரு டாக்வுட்

பிர்ச்லிக் ஓடை, டென்னசி
1988 மே 22

அன்புத் தம்பி வெஸ்டலுக்கு அக்கா ஓர்ஃபா எழுதுவது.

ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போய்விடும்? பதினோரு வருஷம் கழித்து வந்தாய், மூன்று நாள் இருந்தாய், நான் சுட்ட சோளரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு உப்பு குறைச்சல் என்றாய். சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் காகிதப்பூ கொண்டுவந்தார்கள். நீ ஒருவன்தான் மலையிலிருந்து ஒரு மரத்தை வேரோடு தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாய். பதினெட்டாயிரம் டாக்வுட் பூமரக் கன்று வளர்த்து விற்கிறவளுக்கு டாக்வுட் மரமே பரிசு! அதுவும் மே மாதத்தில், இலையும் பூவுமாக நிற்கிற மரத்தைத் தோண்டுவார்களா? பக்கத்துத் தோட்டத்து ஹோபர்ட் பார்த்துவிட்டு, "உங்க தம்பி டயர் செஞ்சு செஞ்சு மரத்தையும் டயர்னு நெனச்சுட்டாரு போல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புப் பூ வரிசையின் கடைசியில், ஓடைப் பக்கமாக நட்டிருக்கிறேன். தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலையாட்கள் எதிரில், "உன் கை பட்ட மொட்டு ஒண்ணும் பிடிக்காது" என்று நான் சொன்னது தப்பு. கன்றுகளில் மொட்டு ஒட்டும் கத்தியை வீசிவிட்டு நீ ஒரேயடியாகப் போனதும் தப்புதான். உன் டயர் ஆலையை மூடப்போகிறார்கள் என்றாயே, மூடியதும் இங்கே வந்துவிடு. என் விரல்கள் இப்போது மடங்குவதே இல்லை. பாதி வரிசை உனக்கு.

உன் அக்கா,
ஓர்ஃபா


ஆக்ரன், ஒஹாயோ
1988 ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ தப்பு என்று எழுதிய வரியை வேலைக்குப் போகும்போது சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ரப்பர் வாடை ஏறிவிட்டது.

அந்த மரத்தைத் திட்டாதே. வடக்குச் சரிவில், பாறைக்குக் கீழே நின்றது. பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கீழ்க்கிளைகள் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தன, நிழலில் வளர்கிற மரம் அப்படித்தானே இருக்கும். உனக்கு என்ன வாங்கிவருவது என்று இந்த ஊர்க் கடைகளில் இரண்டு நாள் சுற்றினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. நம் மலையிலிருந்தே எடுத்து வந்தால் நீ மறுக்க மாட்டாய் என்று தோன்றியது.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஆலையை மூடுகிறார்கள். எனக்கு வருத்தமே இல்லை. ஐம்பது வயதில் போக ஒரு வீடு இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா நோவோட்னியிடம் கத்தி வாங்கி, அவருடைய லைலாக் பூச்செடியில் மொட்டு ஒட்டிப் பழகுகிறேன். ஒன்பதில் ஆறு பிடித்துவிட்டது!

தம்பி,
வெஸ்டல்


பிர்ச்லிக் ஓடை
1989 மே 30

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வருஷம் டாக்வுட் பூக்கும்போது வருகிற குளிர் போகவே மாட்டேன் என்றது. ஏப்ரல் முழுக்க மழை. காலை பத்து மணி வரை பனிமூட்டம் விலகவில்லை.

சிவப்பு வரிசையில் இலைகளில் புள்ளி விழுந்திருக்கிறது. நடுவில் பழுப்பு, சுற்றிலும் ஊதா விளிம்பு. பிறகு கிளை காய்கிறது. விவசாய அதிகாரி பிக்கெட் வந்து பார்த்தார். காட்டில் பரவுகிற பூஞ்சை நோயாம், மருந்தடித்தாலும் பாதிதான் கேட்குமாம். பார்ப்போம்.

நீ கொடுத்த மரத்தை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டிராக்டர் திரும்பும் வழியில் நின்றது.

ஆலை மூடினாலும் இங்கே வர அவசரப்படாதே. இன்னும் ஒரு வருஷம் வேறெங்காவது வேலை கிடைக்குமா என்று பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆக்ரன்
1989 ஜூன் 9

அக்கா,

டிராக்டர் திரும்பும் வழியா? அந்த மூலையில் டிராக்டர் என்றைக்குத் திரும்பியது? அப்பா காலத்திலிருந்து அங்கே கையால்தானே களை எடுக்கிறோம்? பிடிக்கவில்லை என்றால் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஊற்றி ஒரு வருஷம் வளர்த்து, அப்புறம் பிடுங்கி எறிந்திருக்கிறாய்.

நீ மாறவே இல்லை, ஓர்ஃபா. பாதி வரிசை என்று எழுதியவளும் நீதான், அவசரப்படாதே என்று எழுதுகிறவளும் நீதான். செப்டம்பரோடு என் கணக்கை முடித்துவிடும்படி நான் ஆலையில் எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்கு அங்கே இடம் உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்.

வெஸ்டல்


பிர்ச்லிக் ஓடை
1989 ஆகஸ்ட் 20

வெஸ்டல்,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த வருஷம் மொட்டு ஒட்டவில்லை, ஒட்ட ஒன்றும் இல்லை. சிவப்பு வரிசை, வெள்ளை வரிசை, மூன்று வருஷத்துக் கன்று எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்து எரித்தோம். ஹோபர்ட்டும் அவன் மனைவியும் வந்து உதவினார்கள். நாலு நாள் எரிந்தது. சிவப்புத் தண்டுப் புதர் டாக்வுட் மட்டும் நாற்பது நிற்கிறது, அந்த நோய் அதைத் தொடுவதில்லை. நாற்பது புதரை வைத்துக்கொண்டு நீயும் நானும் என்ன செய்ய முடியும்?

நான் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கச் சேர்ந்துவிட்டேன். இடம் இல்லை தம்பி. உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்கிறேன். நம்பு.

அக்கா


ஆக்ரன்
1989 அக்டோபர் 5

அக்காவுக்கு,

உன்னை நம்பவில்லை. அதனால் ஹோபர்ட்டுக்குப் போன் செய்தேன். எரித்தது நிஜம் என்றான். "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். "அதை உங்க அக்காகிட்டயே கேளுங்க" என்று போனை வைத்துவிட்டான்.

நேற்று இங்கே விதைக் கடைக்குப் போனேன். சுவரில் அரசாங்கத் தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள், டாக்வுட் நோயைப் பற்றி. காட்டு மரத்தைத் தோண்டி வந்து தோட்டத்தில் நடாதீர்கள் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. முதலில் கீழ்க்கிளைகள் காயுமாம்.

அக்கா, நான் கொண்டுவந்த மரமா? அதனால்தான் பிடுங்கினாயா? டிராக்டர் கதையை என் மனசு நோகாமல் இருக்கத்தான் சொன்னாயா? ஜூனில் நான் உனக்கு எழுதின கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த மாதம் 31-ஆம் தேதி அறையைக் காலி செய்கிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை. காரணம் உன் மரம் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது, அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். காலர் தைக்கிறவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டாவது இருப்பேன். பதில் வரவில்லை என்றால் நான் புரிந்துகொள்வேன்.

வெஸ்டல்


பிர்ச்லிக் ஓடை
1989 நவம்பர் 26

என் வெஸ்டலுக்கு,

இதை வீட்டுக்காரம்மா நோவோட்னி பெயருக்கு அனுப்புகிறேன். நீ என்றைக்காவது அந்தப் பக்கம் வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் அக்டோபர் 9-ஆம் தேதியே எனக்குக் கிடைத்துவிட்டது. பிக்கெட் வந்த அன்று, "வெளியிலேர்ந்து ஏதாச்சும் மரம் கொண்டாந்து வெச்சீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். வரிசைக் கடைசிக்கு நடந்து போனோம். உன் மரம் முக்கால்வாசி செத்திருந்தது. அதற்குப் பக்கத்துக் கன்றிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக நோய் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உன்மேல் கோபமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். மே மாதம் முழுக்க உன்னைத் திட்டினேன், அடுப்படியில் நின்று சத்தமாகவே திட்டினேன். ஜூனில் நின்றுவிட்டது. ஆசையாகத்தானே தூக்கிவந்தாய், பாவி. அதை வாங்கி நட்டவள் நான். ஐம்பத்தாறு வயதுத் தோட்டக்காரிக்குக் காய்ந்த கீழ்க்கிளையைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தம்பி வந்துவிட்டான் என்ற பூரிப்பில் எனக்குக் கண் தெரியவில்லை.

ஆமாம் என்று எழுதினால் நீ தாங்க மாட்டாய். இல்லை என்று எழுதினால் என் பொய்யை நீ கண்டுபிடித்துவிடுவாய், சின்ன வயசிலிருந்தே கண்டுபிடிக்கிறாய். எட்டு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் பொய்யையே எழுதினேன். "காரணம் உன் மரம் இல்லை, புறப்பட்டு வா" என்று. அக்டோபர் 29-ஆம் தேதிதான் தபாலில் போட்டேன். போன வாரம் உறை பிரிக்காமல் திரும்பி வந்தது.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நீ எங்கே போனாய் என்று அவருக்கும் தெரியவில்லை. எந்த முகவரியும் கொடுக்கவில்லையாம். உன் பெட்டியைக்கூட அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெனமும் படியில உக்காந்து தபால்காரருக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரும்மா. எனக்கு ஏதாச்சும் வந்துச்சான்னு கேப்பாரு. போன அன்னைக்கு மட்டும் கேக்கல. உங்க கடுதாசி மறுநாள் காலையில வந்துச்சு."

ஓர்ஃபா