பிறகு வரச் சொன்னால்

திருவொற்றியூர்,
சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையில் காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்கிறேன். அப்பாவும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் புற்றுநோய் வார்டைக் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டபோது, கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று நோயாளிகளுக்குப் போன் செய்யும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். செய்தேன். பிறகு யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மா நேற்று தானாகவே வந்தார். மார்புக் கட்டி புண்ணாகி, நுரையீரல்வரை பரவிவிட்டது. ஏன் முன்பே வரவில்லை என்று கத்தினேன்.

"நீதானே டாக்டரம்மா கூப்புட்ற வரிக்கும் வராதன்னு சொன்ன. போனை கைலியே வெச்சிகினு குந்திகினு இருந்தேன்" என்றார்.

இன்று காலை டாக்டர்களின் மன அமைதிக்காக ஆன்லைன் வகுப்பு. கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்கள். நான் தூங்கிவிட்டேன். ஒழுங்காகக் கலந்துகொள்ளவில்லை என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சிரிக்கத்தான் தோன்றுகிறது.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. உங்கள் மார்புக் கட்டியைக் காட்டப் போனபோது, கொரோனா அடங்கியதும் வரச் சொன்னார்கள் என்றீர்களே, இதைப் படித்ததும் மறுபடி போங்கள். திருப்பி அனுப்பினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். டாக்டர் பேச்சைக் கேட்காதீர்கள். நானும் டாக்டர்தான், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள்
ரெஜினா